ஆணியில் தொங்கும் பீஸ் கட்டை

பஞ்சாட்சரத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "ப்ச்" என்பார்கள். அந்தச் சிரிப்புக்கும் அந்த "ப்ச்"சுக்கும் நடுவில் ஒரு மனுஷன் இருக்கிறார் என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு அதில் கோபம். அதனால்தான் எழுதுகிறேன்.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரை மேலேயே போய்ச் சேரவேண்டிய ஊர் எங்களுடையது. பஸ் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் பஸ் வரும் என்பார்கள். தேர்தல் மட்டும் வந்துவிட்டுப் போகும். இங்கே நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற சாதாரணக் குடியானவர்தான் பஞ்சாட்சரம். ஆனால் கை சும்மா இருக்காது. எதையாவது பிரிப்பார், எதையாவது பூட்டுவார். கல்யாணமான புதிதில் மாமனார் கொடுத்த ரேடியோவைப் பிரித்து, திரும்பப் பூட்டியபோது நாலு திருகாணி மிச்சம். ரேடியோ முன்னைவிட நன்றாகப் பாடியது என்று அவர் மனைவி சுலோச்சனா கடைசிவரை சாதித்தாள். அந்த மிச்சத் திருகாணிகளை அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு கார் செய்தார். வாங்கவில்லை, செய்தார். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஜீப்பின் அடிச்சட்டத்தைக் கொண்டுவந்து அறுத்துக் குறுக்கினார். அதில் ஆட்டோ ரிக்‌ஷா எஞ்சினை உட்கார வைத்தார். உடம்புக்கு எண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டிய தகரம். டூரிங் டாக்கீஸ் ஒன்றை மூடியபோது வந்த நாற்காலிகள்தான் சீட்டு. இடது பக்கக் கதவில் "சுத்தமான கடலை எண்ணெய்" என்ற எழுத்து தலைகீழாகத் தெரியும். நம்பர் பிளேட் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு அடித்து, அதில் வெள்ளைப் பெயிண்ட்டால் "சுலோச்சனா" என்று எழுதியிருந்தார். ஊர் சிரித்தது. சிரித்தவர்களே மாமியார் வீட்டுக்குப் போக வண்டி கேட்டு வந்து நின்றார்கள்.

வண்டி யாருக்காக என்றால் அவளுக்காகத்தான். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் சுலோச்சனாவின் நெஞ்சு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை உத்திரமேரூருக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நடந்தால் மூச்சு வாங்கும். கட்டை வண்டியில் போனால் குலுக்கலில் பாதி உயிர் போகும். பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. தங்காமல் போனதே நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அதை அவள் எங்களிடம் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எனக்கு இவுரே புள்ள மாதிரிதான். ஒரு எடத்துல குந்த மாட்டாரு" என்பாள்.

கிணற்றைப் பற்றிச் சொன்னால்தான் மேலே சொல்ல முடியும். அது பங்குக் கிணறு. ஒரு பங்கு பஞ்சாட்சரத்தின் அப்பாவுக்கு, மறு பங்கு அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா வேதகிரிக்கு. ஒரு நாள் இவர்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. முறை எப்படி மாறும் என்றால் பீஸ் கட்டையால். மோட்டார் கொட்டகையில் மீட்டருக்குக் கீழே வெள்ளைப் பீங்கானில் மூன்று பீஸ் கட்டை சொருகியிருக்கும்; பிடுங்கினால் மோட்டார் ஓடாது. முறை முடிந்தவர் அவற்றைப் பிடுங்கித் துணியில் முடிந்து அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத் தண்ணீர். எங்கள் பக்கத்துப் பங்குக் கிணறுகளில் எல்லாம் இதே ஏற்பாடுதான்.

பஞ்சாட்சரத்தின் அப்பா செத்த அன்று வேதகிரி வீட்டு முறை. வேதகிரியின் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. பிணம் எடுக்க நேரமாகும் என்று பார்த்து, வேதகிரியின் மகன் ராஜாராம் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டான். சாவு வீட்டில் ஒப்பாரி கொஞ்சம் ஓய்ந்த நேரம், கிணற்றுப் பக்கமிருந்து மோட்டார் சத்தம் தெளிவாகக் கேட்டது. பஞ்சாட்சரம் எழுந்து ஓடினார். மூன்று கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு வந்து, அப்பாவின் தலைமாட்டுக்கு மேலே சுவரில் இருந்த ஆணியில் துணியோடு மாட்டினார்.

"பொணம் கெடக்கசொல்ல பங்காளி வூட்டு மோட்டார் ஓடுறதா? எங்கப்பன் இன்னா நாயா?" என்று கத்தினார். "இனிமே யாரு செத்தாலும் சரி, பொணம் எடுக்குற வரைக்கும் பீஸ் கட்டை சாவு வூட்டு ஆணியில தொங்கணும். கேட்டு எவனும் வரக்கூடாது. வந்தா அவன் பங்காளியே இல்ல!"

வேதகிரி தலையைக் குனிந்துகொண்டார். தம்பி பிணத்துக்கு முன்னால் அவர் என்ன பேசுவார்? அவர் நாற்று மஞ்சளாகிப் போனது. ஊர் பஞ்சாட்சரத்தை மானஸ்தன் என்றது. நன்றாக இருக்கிறதே என்று மற்றக் கிணற்றுக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் அது ஏதோ மூதாதையர் காலத்து வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வயலுக்கு ஏரிப் பாய்ச்சல், எனக்கும் அந்தக் கிணறுகளுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த ஆவேசத்தைப் பார்த்து எனக்கும் உடம்பு சிலிர்த்தது என்பது உண்மை.

சுலோச்சனாவுக்கு வருஷம் போகப் போக உடம்பு மோசமாயிற்று. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டல். வாந்தி எடுத்தால் மூச்சு முட்டும், உதடு நீலம் பாரிக்கும். தான் செய்த காரே தன் பெண்டாட்டியைக் கொல்கிறது என்று பஞ்சாட்சரம் எஞ்சினை எட்டி உதைத்ததை நான் பார்த்தேன். மதராஸுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஆபரேஷனை உடம்பு தாங்காது, ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது துறைமுகத்துப் பக்கம் மூட்டை இழுக்கிற பேட்டரி வண்டி ஒன்று அவர்களைக் கடந்து போயிருக்கிறது. சத்தமில்லை, புகையில்லை.

"ஏங்க, இதுல ஒரு நாத்தமும் இல்லியே" என்றாளாம் சுலோச்சனா.

அவ்வளவுதான். மதராஸ் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் பஞ்சாட்சரம் குடியிருந்தார் என்றே சொல்லலாம். கடைசியில் அந்த மாதிரி வண்டியின் மோட்டார் ஒன்றைப் பிடித்தார். லாரிக்காரர்கள் கழித்துப் போட்ட பேட்டரிகளைச் சேர்த்தார். ஆட்டோ எஞ்சினைக் கழற்றி வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு ஊரில் ஒவ்வொருத்தனும் "அந்த எஞ்சினை வெச்சிக்கினு இருந்திருக்கலாமே" என்று பெரிய மேதாவி மாதிரி பேசினான். அந்த எஞ்சினில் அவள் பட்ட பாட்டை இவன்கள் யாரும் பார்த்தவர்கள் இல்லை.

சார்ஜ் ஏற்றத்தான் வழியில்லாமல் இருந்தது. வீட்டுக்கு வந்த கரண்ட் ஒரே ஒரு குண்டு பல்புக்குத்தான் காணும். அதற்கும் மனுஷன் ஒரு வழி கண்டுபிடித்தார். கிணற்று மோட்டார் பெல்ட்டில்தான் பம்பை ஓட்டும். அந்த பெல்ட்டைக் கழற்றி லாரி டைனமோ இரண்டுக்கு மாட்டினால் பேட்டரியில் கரண்ட் ஏறும். தன் முறை வரும் நாளில் வண்டியைக் கிணற்று மேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, வயர் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பெல்ட் பம்பில் இருந்தால் தண்ணீர், டைனமோவில் இருந்தால் கார். இரண்டும் சேர்ந்து நடக்காது. அதனால் அவர் பங்கு நிலத்தில் பாதி காய்ந்தது. அடுத்த பட்டத்தில் அந்தப் பாதியில் விதைக்கவே இல்லை.

"ஊரெல்லாம் தண்ணி எறைக்கிறான். எந்தம்பி புள்ள காரு எறைக்கிறான்" என்று வேதகிரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் தடுக்கவில்லை. கிழவர் தங்கமான மனுஷர். ஒரு நாள் தானும் ஏறி உட்கார்ந்து ஏரிக்கரை வரை போய்வந்தார். இறங்கும்போது, "டேய் பஞ்சு, செத்தா இதுல தூக்கினு போடா, சொகமா கீது" என்றார்.

வண்டி சத்தமே போடாததில் ஒரு தொல்லை. கோழிகளுக்கு அது வருவது தெரியவில்லை. இரண்டு கோழி செத்து, மூன்றாவதுக்குச் சண்டை வந்தபோது, பஞ்சாட்சரம் மாட்டுச் சலங்கை ஒன்றை வண்டியின் முன்னால் கட்டினார். அப்புறம் வண்டி ஜல் ஜல் என்று போகும். உள்ளே சுலோச்சனா புதுப் பெண் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். "இது இன்னா காரா, ஊஞ்சலா?" என்று என்னிடம் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு ஊசி தவறாமல் அப்படிப் போய்வந்தார்கள். அந்த இரண்டு வருஷம் அவள் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

எண்பத்து மூன்று, பங்குனி. நல்ல வறட்சி. பஞ்சாட்சரம் சுலோச்சனாவை ஊசிக்கு அழைத்துப்போய்த் திரும்பி, சார்ஜ் தீர்ந்த வண்டியை வாசலில் நிறுத்தினார். அன்று பீஸ் கட்டை வேதகிரி வீட்டில் இருந்தது. மறுநாள் இவர் முறை. எப்போதும் நடப்பதுதான். ஆனால் விடியற்காலை வேதகிரி எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

ராஜாராம் கிணற்றுக்குக்கூடப் போகவில்லை. வீட்டிலிருந்த கட்டை முடிச்சை எடுத்து அப்பாவின் தலைமாட்டு ஆணியில் மாட்டினான். பம்பாயில் இருந்த மகள் வந்து சேர்ந்தால்தான் எடுப்பது என்று கிழவி தாயாரம்மாள் சொல்லிவிட்டாள். அதாவது மறுநாள் சாயங்காலம் வரை பிணம் வீட்டில். அதுவரை முடிச்சும் ஆணியில்.

அன்றைக்கு முழுக்கப் பஞ்சாட்சரம் பெரியப்பா வீட்டில்தான் இருந்தார். பந்தல் போட்டார், ஆள் அனுப்பினார், அழுதார். மறுநாள் காலையில் சுலோச்சனாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இதுவரை வந்த மாதிரி இல்லை. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இருமினால் நுரையில் சிவப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் விசிறினார்கள். என்னைப் பார்த்துவிட்டுப் பஞ்சாட்சரம், "உத்திரமேரூர்ல டாக்சி கெடைக்குமா பாருப்பா" என்றார். எங்கள் வீட்டுச் சைக்கிளில் ஆளை விரட்டினேன். முகூர்த்த நாள். இருந்த இரண்டு டாக்சியும் கல்யாணத்துக்குப் போயிருந்தன.

அவர் பெரியப்பா வீட்டை நோக்கி நடந்தார். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. மோட்டாரைப் போட்டு மதியம் வரை ஏற்றினாலே உத்திரமேரூர் போய்ச் சேரும் அளவு கரண்ட் கிடைக்கும். நானும் கூடப் போனேன்.

"அவன் கட்டையைக் கேட்பானேன், வெறும் கம்பியைச் சொருகினாலே மோட்டார் ஓடுமே" என்று சில பேர் இப்போது கேட்கிறார்கள். அது அவருக்குத் தெரியாதா? பீங்கானில் என்ன இருக்கிறது? சாவு வீட்டில் மோட்டார் சத்தம் கேட்கக் கூடாது என்று சொன்னவரே அவர்தான். அதுவும் பெரியப்பா பிணம்.

உள்ளே போனார். வேதகிரியை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே ஆணியில் முடிச்சு தொங்கியது. பஞ்சாட்சரம் அதையே பார்த்தபடி வாயைத் திறந்தார். அதற்குள் ராஜாராம் ஓடிவந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"அண்ணாத்தே, பாத்தியா? உன் வார்த்தைய நான் காப்பாத்திட்டேன். நாத்து மொத்தமும் கருகிக்கினு கீது. போனா போவுதுன்னு வுட்டுட்டேன். கட்டை ஆணியிலதான் தொங்குது பார். எங்கப்பனும் நாயி இல்ல அண்ணாத்தே."

குத்திக் காட்டினானா, மனசாரச் சொன்னானா, எனக்கு இன்றுவரை தெரியாது. அழுதது நிஜ அழுகை. பஞ்சாட்சரம் திறந்த வாயை மூடிக்கொண்டார். ராஜாராமின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கிழவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். சுலோச்சனாவுக்கு முடியவில்லை என்ற ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. நானாவது சொல்கிறேன் என்று திரும்பினேன். என் கையைப் பிடித்து, "வேணாம்பா" என்றார். அந்தப் பிடி வலித்தது.

வீட்டுக்கு வந்து சுலோச்சனாவிடம், "மாட்டைக் கட்டறேன்" என்றார்.

அவளுக்குப் பேச மூச்சில்லை. ஆனாலும் பேசினாள். "கட்டை வண்டி வேணாங்க. குலுக்கும். கார்லயே போலாம்."

சார்ஜ் இல்லை என்று அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? கட்டை வண்டிக்குப் பூட்டும் இரண்டு மாடுகளையும் காருக்கு முன்னால் கொண்டுவந்து, நுகத்தடியைக் கயிறு போட்டு வண்டியோடு பிணைத்தார். அவளை டாக்கீஸ் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்தார். ஞானசுந்தரி என்று அவள் நாத்தனார் ஒருத்தி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பஞ்சாட்சரம் மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் தள்ளினேன்.

பெரியப்பா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாடு இழுக்க இழுக்க அந்தச் சலங்கை ஜல் ஜல் என்றது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். யாரோ ஒருவன் சிரிப்பை அடக்குவது கேட்டது. பேட்டரி கார் மாட்டு வண்டி ஆகிவிட்டதாம். அவனை எனக்குத் தெரியும். இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரை மேல் வெயில் கொளுத்தியது. மதகைத் தாண்டும்போது ஞானசுந்தரி, "அண்ணி... அண்ணி..." என்றாள். அப்புறம் பேசவில்லை. அவள் சொல்லாததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சாட்சரத்துக்கும் தெரிந்திருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வாசல் வரை போனார். அவர்கள் வந்து நாடி பார்த்துச் சொன்ன பிறகுதான் அந்தச் சலங்கையை அறுத்து எறிந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் சுலோச்சனாவோடு திரும்பினோம். வேதகிரியை எடுத்துவிட்டிருந்தார்கள். ராஜாராம் சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு நேராகப் பஞ்சாட்சரம் வீட்டுக்கு வந்தான். பிணத்தோடு உள்ளேயே இருந்தவனுக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை கேட்டியா அண்ணாத்தே? ஒரே வார்த்தை!" என்று கதறினான். பிறகு மடியிலிருந்த பீஸ் கட்டை முடிச்சை எடுத்து, சுலோச்சனாவின் தலைமாட்டுக்கு மேலே ஆணியில் மாட்டினான். அதே ஆணி. அவர் அப்பாவுக்கு மாட்டிய ஆணி.

பஞ்சாட்சரம் நிமிர்ந்து அதைப் பார்த்தார்.

"எடுடா அத. போய் மோட்டாரப் போடு. உன் நாத்துக்குத் தண்ணி கட்டு."

"இன்னா பேசற அண்ணாத்தே? அண்ணி கெடக்கசொல்லயா?"

"கெடக்கசொல்லதான். ஓடட்டும். அவ கேக்கட்டும்."

ராஜாராம் பின்னால் நகர்ந்தான். வேறு யாரும் கை நீட்டவில்லை. பஞ்சாட்சரமே எழுந்து முடிச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடினார். நாலு பேர் பாதி வழியில் பிடித்துக்கொண்டார்கள். "சித்தம் கலங்கிடிச்சி பாவம்" என்று பரிவாகத்தான் தூக்கி வந்தார்கள். முடிச்சைப் பத்திரமாக வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினார்கள். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இதெல்லாம் நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது. கார் கிணற்று மேட்டில் நிற்கிறது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் அதற்குச் சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரிகள் வெடித்துக் காய்ந்துவிட்டன. தகட்டில் சுலோச்சனா என்ற பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம். தரிசாகக் கிடந்த பாதி நிலத்தை ராஜாராமே உழுதுகொள்கிறான். வருஷத்துக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து இறக்குகிறான். பஞ்சாட்சரம் எண்ணிப் பார்ப்பதும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் செய்கிறார். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறார். பிணத்தைப் பார்ப்பதில்லை, ஆணியைப் பார்க்கிறார். "பீஸ் கட்டைய குடுங்க. மோட்டார் ஓடட்டும். எந்த வூட்ல இன்னா அவசரமோ" என்கிறார். அன்றைக்குத் திறந்து மூடிய வாய் இப்போது சாவு தவறாமல் கேட்கிறது. கொடுத்தவர்கள் யாருமில்லை. தோளைப் பிடித்து நயமாக வெளியே கொண்டுவந்து விடுவார்கள். அப்புறம் கொஞ்சம் சிரிப்பார்கள், "ப்ச்" என்பார்கள்.

போன மாசம் பக்கத்துக் கிணற்றுப் பங்குக்காரி அம்முலு வீட்டுச் சாவிலும் போய்க் கேட்டார். கூரத்திலிருந்து வந்திருந்த சம்பந்திக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யோவ், சாவு வூட்டுல வந்து இன்னா பேஜார் பண்ற? காலங்காலமா கீற வழக்கம்யா இது. உனக்கு இன்னா தெரியும் அதப் பத்தி?"

பஞ்சாட்சரம் அவரைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, பிணம் எடுக்கிற வரைக்கும் தெருவில் நின்றுகொண்டிருந்தார்.